பூதத்தோடு கொம்பிழுத்த தோணிக்காரி

மின்சாரம் நின்ற நாட்களில்தான் நாங்கள் தூரப் பயணம் போனோம்.

வாழைச்சேனையில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஓர் ஐஸ் ஆலையில் அப்போது எனக்கு வேலை. மின்சாரம் இல்லாவிட்டால் ஐஸ் இல்லை. கடலுக்குப் போகத் தடை போட்டுவிட்டால் ஐஸ் இருந்தும் பயனில்லை. யுத்த காலத்தில் இந்த இரண்டில் ஒன்று எப்போதும் நடந்துகொண்டிருந்தது. சில வாரங்களில் இரண்டும் சேர்ந்தே நடந்தன. வேலை இல்லையென்று எழும்பிப் போகவும் முடியாது. கரண்ட் எந்த நேரமும் வரலாம், வந்தால் உடனே இயந்திரத்தை ஓடவிட வேண்டும். ஆகவே உப்புத்தண்ணீர்த் தொட்டியின் பலகை மூடிகள்மேல் உட்கார்ந்திருப்போம். கீழே தகரப் பெட்டிகளுக்குள் ஐஸ் பாதி உறைந்து கிடக்கும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது எங்களுக்குக் கீழே மட்டும் குளிர். அவ்வளவு வசதியான இருக்கை அந்த ஊரில் வேறு யாருக்கும் இருந்திருக்காது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லொறியில் ஏறி இறங்கினேன், களுவாஞ்சிக்குடியில் தேங்காய் உரித்தேன், படுவான்கரை வயல் வட்டைகளில் யானைக் காவலுக்குப் பரண் கட்டிப் படுத்தேன், இரண்டு முறை அகதி முகாமில் இருந்தேன். ஒரு மாரிகாலத்துக்கு மேல் ஓரிடத்தில் தங்கினால் எனக்குக் கால் அரிக்கும். ஐஸ் ஆலையில் மட்டும் இரண்டு மாரி தாண்டியும் இருந்தேன் என்றால், சம்பளத்துக்காக அல்ல. அந்த ஆட்டத்துக்காக.

ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் ஆலையின் மின்சார வேலைக்காரர். ஓட்டமாவடி முஸ்லிம், அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடுவோம். வளைகுடாவில் வேலை செய்தபோது அவரோடு ஒரே அறையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் வெள்ளிக்கிழமைகளில் ஒரு விளையாட்டு விளையாடுவார்களாம். ஒருவர் கதை நடத்துவார். ‘முன்னால் ஒரு காடு, காட்டுக்குள் ஒரு குகை, வாசலில் புகை’ என்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் அங்கே என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் தாயக்கட்டை முடிவு செய்யும். பலகையும் இல்லை, காயும் இல்லை. எல்லாம் வாயாலேதான்.

காக்கா ஊருக்குத் திரும்பும்போது அவர்கள் அந்த விளையாட்டுப் புத்தகத்தை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். அதில் பாதியை ஓட்டமாவடிக் கறையான் தின்றுவிட்டது. ஊர்கள், கடைகள், சத்திரங்கள், மனிதர்களோடு பேசுவது பற்றிய பக்கங்கள் எல்லாம் போய், சண்டைப் பகுதி மட்டும் ஒரு பக்கமும் குறையாமல் மிஞ்சியிருந்தது. அந்தக் காலத்துக் கறையானுக்கும் சண்டை பிடிக்கவில்லை போலும்.

பல முகம் கொண்ட தாயக்கட்டைகளும் வழியில் எங்கோ தொலைந்துவிட்டன. காக்கா புளியங்கொட்டைகளில் பெயின்ற்றால் இலக்கம் எழுதி, பால்மாத் தகர ரின்னுக்குள் போட்டுக் குலுக்குவார். பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். பெரிய இலக்கம் வந்தால் வெட்டு விழும், சின்ன இலக்கம் வந்தால் நாம் விழுவோம். ஒவ்வொருவருக்கும் இத்தனை உயிர் என்று கணக்கு உண்டு. அது முடிந்தால் ஆள் முடிந்தான்.

எங்களில் மூன்று பேர் ஆடினோம். ஐஸ் நிறுத்துத் துண்டு எழுதும் கிளாக்கர் ஒரு களுவாஞ்சிக்குடிப் பொடியன், அவன் வாள்காரனாக வந்தான். நான் வழிகாட்டி. மூன்றாவது, ஆலையில் சமைத்துத் தேத்தண்ணீர் போடும் அக்கா. அவர் படுவான்கரையில் பிறந்தவர், தோணிக்காரியாக வந்தார்.

புத்தகத்தில் மிஞ்சியிருந்தது சண்டை மட்டும் என்பதால், காக்காவின் காட்டில் எதிர்ப்பட்ட எதுவும் உயிர் போகும்வரை சண்டை பிடித்தது. ஓநாய் செத்துத்தான் விழும். கள்வன் செத்துத்தான் விழுவான். ஒரு தடவை ஓர் ஆமைகூட எங்களோடு கடைசி உயிர்வரை போராடியது. கிளாக்கருக்கு இது வெகு பிடித்தம். எதைக் கண்டாலும், “நான் வாளை உருவுறன்” என்பான். ஆகவே அவனுடைய வாள்காரன்தான் அடிக்கடி செத்தான். செத்தவுடன் அவன் தம்பி அதே வாளோடு அடுத்த ஊரிலிருந்து வந்து சேருவான். அவனும் சாவான். அவனுக்கும் ஒரு தம்பி இருப்பான்.

“உன்ட தாய்க்கு எத்தின புள்ளடா?” என்று அக்கா ஒருநாள் கேட்டார்.

“இன்னும் ரெண்டு பேர் வீட்ட இரிக்கானுகள் அக்கா.”

“பாவம் அந்த மனுசி. ஒருத்தனையெண்டாலும் கடை போட்டுக் குடுத்து வீட்டோட வெச்சிரிக்கலாம்.”

என் ஆளும் மூன்று தடவை செத்தான். அக்காவின் தோணிக்காரி மட்டும் தொடங்கிய நாளிலிருந்து அதே ஆள். அதற்குக் காரணம் இருந்தது. முதல் நாளே அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். தேத்தண்ணீர்ப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னார்.

“என்ட ஆள் செத்தா நான் எழும்பிப் போயிருவன். மறுகா என்னைக் கூப்பிடப்படாது. புதுசா ஒராள், தம்பி, தங்கச்சி எண்டெல்லாம் எனக்கு ஏலா. ஒராளைச் சாகக் குடுத்தது காணும்.”

அவருடைய புருசன் காட்டுக்கு விறகு எடுக்கப் போய்த் திரும்பி வராதவர். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. காக்கா மட்டும் “சரி தங்கச்சி” என்றார். பிறகு ரின்னைக் குலுக்கும் நேரங்களில் அவர் முகத்தில் ஒரு கவலை வந்துவிடும். மனிதன் பொய் சொல்ல மாட்டார். வந்த இலக்கத்தை மாற்றிச் சொல்லவும் மாட்டார்.

அக்கா செத்துவிடாமல் இருக்க வேண்டுமென்றால் சண்டைக்கு வேறு வழிகள் வேண்டும். கறையான் தின்ற பக்கங்களை நாங்களே உண்டாக்க வேண்டியிருந்தது. முதலில் ஓட்டம். ஓடுவதைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. காக்கா கேட்டதும் ஆளுக்கொரு பக்கமாகச் சொல்லத் தொடங்கினோம். சுமையைப் போட்டவன் சுமையோடு நிற்பவனைவிட வேகமாக ஓடுவான். ஆனால் அரிசியைப் போடக்கூடாது, சட்டியைப் போடலாம். திறந்த வெளியில் ஓடக்கூடாது, வாய்க்கால் வரம்போடு குனிந்து ஓட வேண்டும். நாயை அவிழ்த்துவிட்டு ஓட வேண்டும். காக்கா எல்லாவற்றையும் கேட்டு, சிரித்து, “இதுக்கெல்லாம் கொட்டை எடுக்கத் தேவல்ல. நீங்க ஓடுறதெண்டா ஓடின மாதிரித்தான்” என்றார். அன்றிலிருந்து ஓடுவதில் நாங்கள் ஒருநாளும் தோற்கவில்லை.

அடுத்தது சரணடைவது. அதில் வேறு சிக்கல். ஒருமுறை கள்வர்கள் ஆறுபேர் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டார்கள். சந்தோசப்பட்டோம். பிறகு அக்கா, “இவனுகளுக்குப் பகல் சாப்பாடு ஆர் குடுக்கிற?” என்று கேட்டார். கையில் இருந்த அரிசி எங்களுக்கே போதாது. விட்டுவிட்டால் திரும்பி வருவார்கள், கட்டிப்போட்டால் காவலிருக்க வேண்டும். மின்சாரம் வரும்வரை இதையே பேசினோம். கடைசியில் அக்கா அவர்களை ஒரு பாழடைந்த குளக்கட்டில் மண்வெட்ட வைத்தார். அடுத்த போகம் அந்தக் குளத்தில் தண்ணீர் நின்று கள்வர்கள் வெள்ளாண்மை செய்தார்கள் என்று காக்கா சொன்னபோது, கிளாக்கர் ‘சீ’ என்று வாளை உறையில் போட்டான்.

இப்படி ஒரு மாரி முழுவதும் போனது. பிறகுதான் பூதம் வந்தது.

ஆற்றின் கடைசித் துறை. அதைக் கடந்தால் கடல், அக்காவின் தோணிக்காரி தேடிப் போன இடம். துறையின் நடுவில் தென்னை உயரத்தில் ஒரு பூதம் நிற்கிறது. தோணியை ஒரு கையால் பிடித்துவிட்டது. கூலி கொடுக்கிறோம் என்றோம், அதற்குக் காசு என்றால் என்னவென்று தெரியாது. ஓடலாமென்றால் சுற்றிலும் தண்ணீர். கிளாக்கர் வழக்கம்போல் வாளை உருவினான். பூதம் தோணியை ஒரு உலுக்கு உலுக்கியது. காக்கா எங்கள் மூன்று பேருக்கும் கொட்டை எடுக்கச் சொன்னார். கிளாக்கர் தப்பினான், நான் தப்பினேன். அக்காவின் கையில் ஒன்று என்ற இலக்கம் வந்தது. துடுப்பு தோணிக்காரியின் தலையில் அடித்து, அவளுக்கு மிஞ்சியது ஒரே ஓர் உயிர்.

காக்கா புத்தகத்தைப் புரட்டினார். அதில் பூதத்தை எப்படிக் கொல்வது என்று விளக்கமாக இருந்தது.

“அக்கா குனிஞ்சு கொள்ளுங்க” என்றான் கிளாக்கர். “நான் அவன்ட கழுத்துக்குப் பாயுறன். பெரிய இலக்கம் ஒண்டு வந்தாக் காணும்.”

“வராட்டி?”

“வராட்டி...” என்று அவன் நிறுத்திக்கொண்டான். வராவிட்டால் பூதம் திருப்பி அடிக்கும், தோணி கவிழும், அக்கா எழும்பிப் போய்விடுவார். எல்லோருக்கும் அது தெரிந்தது.

அக்கா தேத்தண்ணீர்க் கோப்பையை ஓரமாக வைத்தார். பிறகு பூதத்தோடு பேசுவதாகச் சொன்னார். காக்காவைப் பார்த்தே கேட்டார்.

“நீ எந்தச் சேரி?”

காக்காவுக்கு விளங்கவில்லை. “என்ன சேரி?”

“வடசேரியா, தென்சேரியா? ஒரு சேரியிலயும் இல்லாம இவ்வளவு பெரிசா வளந்து நிக்கிறியே. நான் தென்சேரி. வா, கொம்பு கொழுவுவம். உன்ட கொம்பு முறிஞ்சா தோணியை விடு.”

கொம்புமுறி எங்கள் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில் ஊர்களில் நடப்பது. ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டு அணியாகப் பிரியும். வளைந்த மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொழுவி, வடம் கட்டி, இரு பக்கமும் நின்று இழுப்பார்கள். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. வென்றவர்கள் வசை பாடுவார்கள், தோற்றவர்கள் வாய் திறக்காமல் நின்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் தண்டனை. கூட்டம் கூடத் தடை இருந்ததால் அந்த வருடங்களில் யாரும் கொம்பு இழுக்கவில்லை. காக்கா அதன் சத்தத்தைச் சின்ன வயதில் தூரத்திலிருந்து கேட்டிருக்கிறாராம், கண்டதில்லை. அக்கா எல்லாவற்றையும் சொன்னார். அவர் அப்பா ஒரு சேரி, அம்மா ஒரு சேரி என்பதால், கொம்பு நடக்கும் நாட்களில் வீட்டில் இரண்டு உலை வைத்ததையும் சொன்னார்.

“சரி” என்றார் காக்கா. “பூதம் வடசேரி. ஆனா இதுக்கு எப்பிடிக் கொட்டை எடுக்கிற?”

“கொட்டை என்னத்துக்கு? கொம்பு முறியிறதெண்டா கொம்புதான் முறியணும்.”

அக்கா வெளியே போய் முற்றத்துப் பூவரசில் ஒரு கொப்பை முறித்து வந்தார். கவை போலக் கவர் பிரிந்த இரண்டு துண்டு ஒடித்தெடுத்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஒன்றைக் காக்காவிடம் கொடுத்தார். அப்போது கிளாக்கர் குனிந்து என் காதில் சொல்ல முயன்றான். சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

“பூதம் ரெண்டு கையாலயும் வடத்தைப் பிடிச்சிரிக்கும். அந்த நேரம் நான் பின்னால போய்...”

“வாளைக் கீழ வை” என்றார் அக்கா.

“அக்கா, ஒங்களுக்கு ஒரு உசிர்தான் கிடக்கு.”

“என்ட உசிர் எனக்குத் தெரியும். சேரி கட்டினாக் கையில ஆயுதம் இரிக்கப்படாது. வந்து வடத்தைப் பிடி.”

அவன் வாளைக் கீழே வைத்தான். எத்தனையோ அண்ணன் தம்பி செத்தும் கைமாறி வந்த வாள், அன்றுதான் முதல் தடவையாகத் தோணியின் அடிப்பலகையில் கிடந்தது. நானும் அவனும் அக்காவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம்.

இரண்டு கவரையும் கொழுவினார்கள். காக்கா ஒரு விரலால் பிடித்ததுபோல் பிடித்திருந்தார். இப்படி ஒரு வழி கிடைத்ததே என்று தோற்பதற்கு அவர் ஆயத்தமாகிவிட்டார் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. அக்கா கையை எடுத்துவிட்டார்.

“காக்கா, நீங்க இளக்கிப் புடிக்கிறீங்க.”

“இல்ல தங்கச்சி.”

“இளக்கித்தான் புடிக்கிறீங்க. பூதம் இப்பிடியா இழுக்கும்? ஒழுங்கா இழுக்கிறதெண்டா இழுங்க. இல்லாட்டி நான் இப்பவே செத்தன் எண்டு எழும்பிப் போறன்.”

காக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இந்தத் தடவை கைநிறையப் பிடித்தார். இழுத்தார்கள். கொப்பு ‘கிறீச்’ என்றது. அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. கிளாக்கர் அவர் பின்னால் இருந்து வெறுங்காற்றை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தான். நானும் அதைத்தான் செய்தேன்.

முறிந்தது அக்காவின் கொம்பு.

காக்கா தன் வீடு பற்றி எரிவதைப் பார்ப்பவர்போல் கையிலிருந்த முழுக் கவரைப் பார்த்தார். “முடிஞ்சிதா?” என்று கிளாக்கர் கேட்டான். “இனி நம்மளைத் திண்டுருமா?”

“ஆர் திங்கிற?” என்றார் அக்கா. “தோத்தாத் திங்கிறதெண்டு எந்த ஊரில இரிக்கு? காக்கா, வசையைப் பாடுங்க. நான் நிக்கன்.”

சொன்னபடி எழும்பி நின்றார். கையில் முறிந்த துண்டு.

காக்கா அமைதியான மனிதர். பள்ளிவாசலுக்கும் ஆலைக்கும் வீட்டுக்கும் போய்வருவார், யாரையும் ஏசி நாங்கள் கேட்டதில்லை. வெகு நேரம் தொண்டையைச் செருமினார். பிறகு பூதத்தின் குரலில் சொன்னார்.

“தோத்துப் போயிட்டீங்க. பாவம்.”

“வசையில பாவம் எண்டு சொல்லுறதா?”

காக்கா மறுபடி முயன்றார்.

“தோணிக்காரி தோணிக்காரி
ஆத்துத் துறைத் தோணிக்காரி...”

“இது வசை இல்ல காக்கா, விலாசம்” என்றான் கிளாக்கர்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. தோற்றவர் வாய் திறக்கக்கூடாது என்று தானே சொன்ன முறையை மறந்து, தன்மேல் தானே வசை எடுத்துக் கொடுத்தார்.

“கொம்பெடுக்கத் தெரியாதவ கொப்பொடிக்க வந்தாவாம்
கம்பொடிஞ்சு கைநிறையக் காத்தள்ளிப் போறாவாம்.

“இப்பிடிப் பாடணும்.”

காக்கா அதைத் திருப்பிப் பாடினார், பூதத்தின் குரலில், பலகையில் தாளம் போட்டு. பாடப் பாட அவருக்குக் கூச்சம் விட்டுப் போயிற்று. அடுத்ததை அவரே கட்டினார்.

“ஓட்டைத் தோணி ஒண்டெடுத்து ஊரேத்த வந்தவளே
மூட்டையைக் கட்டு புள்ள, முறிஞ்சதடி உன்ட கொம்பு.”

“ஆ, அப்பிடி” என்றார் அக்கா, முகம் மலர்ந்து. உடனே எங்கள் சேரி ஆளான கிளாக்கரும் வெட்கமில்லாமல் அந்தப் பக்கம் தாவி, சீனி இல்லாத தேத்தண்ணீரைப் பற்றி ஒரு வசை பாடினான். நான் பருப்பில் கிடந்த கல்லைப் பற்றிப் பாடினேன். அக்கா நின்றபடியே கேட்டார். முதலில் உதட்டைக் கடித்தார், பிறகு தலைப்பால் வாயைப் பொத்தினார், பிறகு முடியாமல் பலகையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் கண்டதில்லை. கண்ணில் தண்ணீர் ஓட, “கல்லுப் பருப்பெண்டா ஏன்டா ரெண்டு தரம் வாங்கித் திண்ட?” என்று என் முதுகில் ஓர் அடி போட்டார்.

அப்போது கரண்ட் வந்தது. இயந்திரம் உறுமத் தொடங்கியது. ஆளுக்கொரு பக்கமாக ஓடினோம். அக்கா கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் குசினிக்குப் போய்விட்டார்.

அடுத்து மின்சாரம் நிற்க ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள் ஆனது. அந்தக் கிழமை முழுவதும் கிளாக்கரும் நானும் ஒரே விசயத்தைத்தான் பேசினோம். தோணிக்காரி செத்தாளா இல்லையா? அவளுக்கு உயிர் ஒன்று மிச்சம் இருக்கிறது, ஆகவே உயிரோடுதான் இருக்கிறாள் என்றேன் நான். தோற்றது தோற்றதுதான், அக்கா அதை மனசில் எப்படி எடுத்திருக்கிறாரோ என்றான் அவன். அவரிடமே கேட்கலாம். கேட்க இரண்டு பேருக்கும் பயம். சோறு போடும்போது முகத்தைப் பார்த்தோம், அதில் ஒன்றும் தெரியவில்லை. காக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நான் கொஞ்சம் இளக்கியிரிக்கலாம் என்னா?” என்று கேட்டார். பாவம், அவர் தூங்கியிருக்க மாட்டார்.

மின்சாரம் நின்றது. இயந்திரம் ஓய்ந்ததும் நாங்கள் மூன்று பேரும் பலகையில் ஏறி உட்கார்ந்தோம். காக்கா ரின்னைத் திறக்கவில்லை. குசினிப் பக்கம் சட்டி கழுவும் சத்தம் கேட்டது. சத்தம் நின்றது. அக்கா வந்தார். இடுப்பில் ஒரு கட்டுப் பூவரசங்கொப்பு. எல்லாம் கவர் பார்த்து ஒடித்து, அளவாக வெட்டி, தேங்காய் எண்ணெய் பூசி நிழலில் காயவைத்தவை.

அவருடைய வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, கட்டை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்.

“அவன் துறையிலதானே நிக்கான்?”

“நிக்கான்” என்றார் காக்கா. அவசரமாகச் சொன்னதில் நாக்குத் தடுக்கியது. “எங்க போற அவன்? விடியக்குள்ள இரிந்து ஒங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கான்.”

“நல்லம். போன தரம் ஒரு பிழை நடந்திரிக்கு.”

“என்ன பிழை?”

“எங்கட பக்கம் மூணு பேர், அவன் தனிய. தனிய நிண்டு இழுத்தவன். அது முறையில்ல.” அவர் திரும்பிக் கிளாக்கரைப் பார்த்தார். “நீ அவன்ட சேரிக்குப் போ.”

“நானா? அவனைக் கொல்லத்தானே நான் இவ்வளவு தூரம் வந்த?”

“எழும்பு கெதியா.”

கிளாக்கர் என்னைப் பார்த்தான். காக்காவைப் பார்த்தான். பிறகு எழும்பி, பலகையைச் சுற்றிப் போய், காக்காவுக்குப் பக்கத்தில், பூதத்தின் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்து மூச்சு விடவில்லை, இன்னும் கொம்பு கொழுவவும் இல்லை, அதற்குள் என்னைப் பார்த்து வசை பாடத் தொடங்கிவிட்டான்.